அண்டாவைச் சாய்த்தவள்

நூற்பாலையின் சாப்பாட்டுக்கூடத்தில் சோறு வடிப்பவளுக்கு அண்டாக்கா என்று பெயர். பெற்றவர்கள் வேறு பெயர்தான் வைத்திருப்பார்கள்; அதை அவளே மறந்துவிட்டாள் என்று பேச்சு. அவள் இதுவரை வடித்த கஞ்சியை ஒரே இடத்தில் தேக்கியிருந்தால் கப்பல் விட்டிருக்கலாம்.

வேலை சொல்லச் சுலபம். அரிசியைக் களைந்து, உலை தளதளவென்று கொதிக்கும்போது போட வேண்டும். ஒரு பருக்கையை நசுக்கினால் நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் புள்ளி நிற்கும். அப்போதே அண்டாவின் வாயில் துணி கட்டிச் சாய்த்துவிட வேண்டும். அந்தப் புள்ளி மிச்சச் சூட்டில் தானே வெந்துவிடும். சாய்ப்பதுதான் சுலபமில்லை. இரண்டு காதையும் பிடித்து, இடுப்பால் முட்டுக்கொடுத்து, கொதிகஞ்சி முழுவதும் இறங்கும்வரை அப்படியே நிற்க வேண்டும். கல்யாணமான வருஷம் பிடித்த காது. மகளுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது, இவள் இன்னும் பிடியை விடவில்லை.

இந்த வருஷம் வலது தோள் அவளை விட்டுவிட்டது. தலைவாரக்கூடக் கை எழும்பவில்லை. சொன்னால் அடுப்பு கைமாறிவிடும். அடுப்பிலிருப்பவளுக்கு ஆலையில் ஒரு மதிப்பு உண்டு. பசியோடு வருகிறவன் முதலில் அவள் முகத்தைத்தான் பார்ப்பான். அதைப் போயும் போயும் நாத்தனாருக்கு விடுவதா? கணவனின் தங்கை அதே கூடத்தில் வெங்காயம் உரிக்கிறாள். அடுப்பின்மேல் ஒரு கண், வெங்காயத்தின்மேல் ஒரு கண், இரண்டிலும் தண்ணீர்.

ஆகவே அண்டாக்கா யாருக்கும் சொல்லாமல் வடிப்பதை நிறுத்திவிட்டாள். ஒரு பங்கு அரிசிக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர், வற்றி வரும்போது தணலைக் குறைத்து இறுக மூடிவிடுவது. கஞ்சி வெளியே போகாததால் சோறு வயிற்றில் கனத்தது. சாப்பிட்டவர்கள் எந்திரத்தின் முன் நின்றபடியே தூங்கினார்கள். ஒருவர் விட்ட குறட்டையில் நூல் அறுந்ததாகக்கூடக் கேள்வி.

"என்ன அண்ணி, இப்பெல்லாம் கஞ்சியையே காணோம்? நீங்களே குடிச்சிடறீங்களா?" என்றாள் நாத்தனார்.

"ஆமாடி. உனக்கும் வேணும்னா டம்ளர் எடுத்துட்டு வா."

அறுவடை முடிந்து புது அரிசி மூட்டைகள் வந்து இறங்கின. புதுசு என்று மோந்து பார்த்தாலே தெரியும். ஒரு மணியைக் கடித்தால் இன்னும் நன்றாகத் தெரியும். தோள் வலியில் தூக்கமில்லாத அசதி, அவள் இரண்டும் செய்யவில்லை. பழைய அரிசிக்கு ஊற்றும் அதே இரண்டரையை ஊற்றினாள். புது அரிசி அவ்வளவு தண்ணீர் குடிக்காது. மூடியைத் திறந்தால் உள்ளே இருந்தது சோறில்லை, சுவரொட்டி ஒட்டும் பசை. கரண்டியை நட்டால் கம்பம் மாதிரி நின்றது.

கூடத்து மேலாளர் எட்டிப் பார்த்தார். "என்னக்கா இது? வடிக்கலையா?"

"வடிக்கல."

"ஏன்?"

பொய் சொல்லவும் தெம்பு வேண்டுமே. "கை தூக்க முடியல சார்" என்றாள்.

மறுநாள் வெங்காயக் கூடை அவளுக்கு, அண்டா நாத்தனாருக்கு. முக்காலியில் உட்கார்ந்தாள். வேலை நேரத்தில் உட்கார்வது எப்படி இருக்கும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. முட்டிகள் இரண்டும் கும்பிடு போட்டன. மனசுதான் முறைத்துக்கொண்டிருந்தது.

உலைச் சத்தம் கலகலப்பு அடங்கி, பொதபொதவென்று கனத்தது. பதம் வந்துவிட்டது. நாத்தனாரோ பருக்கையை நசுக்கிப் பார்ப்பதும், யோசிப்பதும், மறுபடி நசுக்குவதுமாக நின்றாள். அண்டாக்கா இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். சோறு குழைந்துவிடும், மேலாளர் வருவார், அடுப்பு திரும்பிவிடும். அடுப்போடு அண்டாவும் திரும்பி வரும். அதன் இரண்டு காதுகளையும் பார்த்தாள். பார்த்ததற்கே தோள் கடுத்தது.

"வடிடி! என்னத்த மசமசன்னு பாத்துக்கிட்டு நிக்கிற?"

"இன்னும் வெள்ளை தெரியுதே அண்ணி?"

"தெரியட்டும். இடுப்பைக் குடுத்துச் சாய்டி. தோளால இழுக்காத, பின்னாடி அழுவ."

நாத்தனார் சாய்த்தாள். எழும்பிய ஆவியில் அவள் முகம் மறைந்து குரல் மட்டும் வந்தது.

"அம்மாடி, என்ன கனம்!"

"நாளைக்கும் இதே கனம்தான்" என்றாள் அண்டாக்கா.