டேஷ்போர்டில் உருகிய மெழுகுக் கட்டி

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்த டாக்ஸிக்காரரைத் தெருவில் எல்லோரும் 'கிளம்பலாமா' என்றுதான் சொல்வார்கள். விருந்துக்குப் போன வீட்டில் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் மனைவியைப் பார்த்து அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிடுவார். முப்பத்தொரு வருஷம் வண்டி ஓட்டியவர். சிவப்பு விளக்கில் நின்றால்கூட விரல் ஸ்டீயரிங்கில் தட்டிக்கொண்டே இருக்கும்.

ஐம்பத்தெட்டு வயதில், சாப்பாடு பாதியிலேயே நெஞ்சுக்குக் கீழே அடைக்க ஆரம்பித்தது. வாயு என்று அவரே முடிவு கட்டி, மாத்திரையை முழுங்கிக்கொண்டு ஐந்து மாதம் ஓட்டினார். பெல்ட்டில் மூன்று புது ஓட்டை விழுந்த பிறகுதான் மனைவி என்னிடம் இழுத்து வந்தாள். நான் நர்ஸாக வார்டிலேயே காலத்தைக் கழித்தவள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. நாளைக்கே வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கச் சொன்னேன். பக்கத்து ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். வயிற்றில் புற்றுநோய். கல்லீரலிலும் இரண்டு இடத்தில் இருந்தது. அறுத்து எடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் சின்ன வயதுப் பெண், சுற்றி வளைக்காமல் பேசினார். மருந்து ஏற்றி நோயை அடக்கி வைக்கலாம், அடியோடு எடுக்க முடியாது என்றார்.

"எவ்வளவு நேரம் ஆகும் டாக்டர்?"

"எதுக்கு?"

"நான் போய்ச் சேர்றதுக்கு."

மனைவி முழங்கையால் ஒரு இடி வைத்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. "உங்களை மாதிரி நூறு பேரை எடுத்தா, ஏறக்குறைய பாதிப் பேர் ஒரு வருஷத்தைத் தாண்டுறாங்க. சில பேர் நல்லாவே தாண்டுறாங்க. நீங்க எந்தப் பக்கம்னு இப்ப சொல்ல முடியாது."

"நூறு பேர் எங்க வந்தாங்க? நான் ஒருத்தன்தானே வந்திருக்கேன்."

"அதனாலதான் உங்க கட்டியைத் தனியா சோதிக்கணும்."

சில பேருடைய கட்டியில் ஹெர்-டூ என்கிற மரபணு அளவுக்கு மேல் பெருகிக் கிடக்குமாம். ஐந்து பேரில் ஒருவருக்கு அப்படி இருக்கலாம். இருந்தால் அதையே குறிபார்த்து அடிக்கிற மருந்து ஒன்றைச் சேர்த்துக் கொடுப்பார்கள், நாள் கூடக் கிடைக்கும். இல்லையென்றால் வழக்கமான மருந்தோடு சரி. இதைப் பார்க்க, பக்கத்து ஆஸ்பத்திரியில் வயிற்றிலிருந்து கிள்ளி எடுத்த சதை வேண்டும். கடுகளவு துணுக்குகள் ஐந்தை மெழுகில் பதித்து வைத்திருந்தார்கள். அந்த மெழுகுக் கட்டி பெரிய ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர வேண்டும். ஆள் அனுப்பி எடுத்துவர மூன்று நாள் ஆகும் என்றார்கள்.

"மூணு நாளா? என் சாமானை நானே கொண்டு வர்றேன்" என்று கிளம்பிவிட்டார்.

மறுநாள் தீப்பெட்டி அளவு டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். லைசென்ஸ், மூக்குக்கண்ணாடி, பயணிகள் விட்டுப்போன போன் என்று முக்கியமானது எதுவாக இருந்தாலும் அவர் வைக்கிற இடம் ஒன்றுதான்: முன்கண்ணாடிக்குக் கீழே, டேஷ்போர்டு மேல். கண் முன்னால் இருந்தால் தொலையாது என்பது அவர் கொள்கை. டப்பாவும் அங்கேதான் போனது. ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஒரு மணி. மூன்று மணிக்குத்தான் வாங்குவோம் என்றது ஜன்னலில் ஒட்டிய சீட்டு. வேறு யாராவது இருந்தால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். இவர் வெட்டவெளியில் வண்டியைப் பூட்டிவிட்டு இரண்டு மணி நேரம் தெருத் தெருவாக நடந்தார். நடந்து திரும்பி வந்து, டப்பாவை நேரத்துக்குக் கொடுத்தார்.

ஆய்வுக்கூடத்துப் பெண் மூடியைத் திறந்தாள். எரிந்து முடிந்த மெழுகுவர்த்தியின் அடி மாதிரி உள்ளே வழிந்து கிடந்தது.

"சார், இதை எங்க வச்சிருந்தீங்க?"

"வண்டியில."

"வண்டிக்குள்ள அடுப்பு இருக்கா?"

வெயிலில் நின்ற வண்டியை அவர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் கெட்டிக்காரி. தேடிப் பிடித்து மூன்று துணுக்குகளை மீட்டு, புது மெழுகில் பதித்துச் சோதித்தாள். இருக்கிறது என்றும் சொல்ல முடியாமல், இல்லை என்றும் சொல்ல முடியாமல் முடிவு நடுவில் நின்றது. உறுதிசெய்ய இன்னொரு சோதனை இருந்தது. மிச்சமிருந்த துளிச் சதையை மட்டும் நம்பி அதைச் செய்ய முடியாது என்றார்கள். மறுபடி குழாய் விட வேண்டும். அதற்குத் தேதி கிடைக்கப் பத்து நாள், முடிவு வரப் பத்து நாள். அதற்குள் வழக்கமான மருந்தை ஏற்ற ஆரம்பித்தார்கள்.

அந்த மூன்று வாரமும் மனுஷன் வீட்டுக்குள் இருந்தார் என்று பேர்தான். பால்கனிக்கும் வாசலுக்கும் அளந்துகொண்டே இருந்தார். வாந்தி வந்தால் போய் எடுத்துவிட்டு வந்து மறுபடி நடந்தார். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே மனைவி குத்தினாள்: "ஊர்ல இருக்கிறவங்க சாமானெல்லாம் பத்திரமா போய்ச் சேர்ந்தது. சொந்தச் சாமான்தான் குழம்பா போய்ச் சேர்ந்தது."

ஒரு நாள் நான் ஊசி போடும்போது கேட்டார். "அக்கா, அந்த மருந்து எனக்குப் பொருந்தியிருக்கும்னு வச்சுக்குங்க. நானே வெயில்ல வச்சு அதைக் கெடுத்துக்கிட்டேனா? மூணு வாரம் போச்சே."

"உருகினது மெழுகு. கட்டி உங்க வயித்துலயேதான் இருக்கு, மறுபடி கிள்ளிக்கலாம். மருந்தைப் பின்னாலயும் சேர்க்கலாம்னு டாக்டர் சொன்னாங்க இல்ல? கையை ஆட்டாதீங்க."

காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. இரண்டாம் முறை எட்டுத் துணுக்குகள் எடுத்தார்கள். நர்ஸ் சீசாவில் பேர் ஒட்டும்போது, தொட்டுவிடப் பயந்தவர் மாதிரி இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் திணித்துக்கொண்டார்.

முடிவு வந்த அன்று டாக்டர் நேராகச் சொன்னார். "இல்லை. அந்த மரபணு பெருகலை. அந்த மருந்தால உங்களுக்குப் பலன் இல்லை."

"முதல்ல எடுத்ததுல?"

"உறுதியாப் பார்க்கணும்னு அதுல மிச்சம் இருந்ததையும் இதோட சேர்த்துச் சோதிச்சாச்சு. அதுலயும் இல்லை."

"அப்ப மெழுகு உருகாம இருந்திருந்தாலும் இதே பதில்தான்."

"இதேதான்."

நாற்காலியில் முதுகைச் சாய்த்தார். அவர் சாய்ந்து உட்கார்ந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். நடைபாதைக்கு வந்ததும் மனைவி நின்றுவிட்டாள்.

"என்னங்க இது, சிரிக்கிறீங்க?"

"சிரிக்கலையே. என்னால எதுவும் கெடலைன்னு ஆச்சு, அவ்வளவுதான்."

"யாரால கெட்டா எனக்கென்ன? உங்க தப்பாவே இருந்துட்டுப் போகட்டும், அந்த மருந்து மட்டும் உங்களுக்குப் பொருந்தணும்னு மூணு வாரமா நான் நினைச்சுக்கிட்டே தைச்சேன். தைச்சதையெல்லாம் பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சேன். உங்களுக்கு நிம்மதி. எனக்கு?"

அவர் முகம் இறங்கிப்போனது. சட்டென்று திரும்பி, வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுக்க, டாக்டர் அறைக்குள் போனார். ஐந்து நிமிஷம் கழித்து வந்தார்.

"கட்டியில பார்க்கிறதுக்கு இன்னொரு அடையாளம் இருக்காம். அது இருந்தா வேற மருந்து, உடம்போட சொந்த எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புற மாதிரி. எடுத்த சதையே போதுமாம். வெள்ளிக்கிழமை தெரியும்."

"வெள்ளிக்கிழமை அக்காவும் நானும் வந்து கேட்டுக்கிறோம். நீங்க வீட்ல இருங்க."

"வீட்ல இருந்து?"

"சாப்பிடுங்க. ஐம்பத்தோரு கிலோ ஆயிட்டீங்க."

"நானும் வர்றேன். வாயே திறக்க மாட்டேன்."

"வாயை மூடினாலும் உங்க முகம் பேசுது" என்றாள். இருந்தாலும் சீட்டு கொடுக்கும் ஜன்னலில் வெள்ளிக்கிழமைக்கு மூன்று பேர் பெயரைத்தான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.