எங்கள் கரைக்குக் கீழே இருந்தவர்கள்

என் மாமனாருக்குப் பட்டுச் சேலை வியாபாரம். ஆரணியில் எங்கள் வீட்டின் பின்கட்டில் நான்கு தறிகள் ஓடின. தொண்ணூறுகளின் நடுவில், ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில் அவர் கொஞ்சம் நிலம் வாங்கினார். அதோடு ஒரு சின்ன அணையும் சேர்ந்து வந்தது. அணை என்று நாங்கள்தான் பெருமைக்குச் சொல்லிக்கொண்டோம். உண்மையில் அது, ஓடையை மறித்துப் பழைய சொந்தக்காரர் போட்ட மண்கரை. தண்ணீர் திறக்க ஒரு மதகு, மிஞ்சியது வழிந்து போக ஓரத்தில் ஒரு கலங்கல். மார்கழியில் நடும் நவரை நெல்லுக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் நிற்கட்டும் என்று மாமனார் அந்தக் கலங்கலில் மணல் மூட்டைகளை அடுக்கி அடைத்தார். கரைக்குக் கீழே கூலிக்காரர்களின் வீடுகள் இருந்தன. எங்கள் நிலத்தில் நாற்று நட்டதும் களை எடுத்ததும் அவர்கள்தான்.

அந்தக் கார்த்திகையில் மழை விடவே இல்லை. கரையின் அடியில் தண்ணீர் ஊறி வந்தது. முதலில் தெளிவாக வந்தது, பிறகு செம்மண் நிறத்தில் வந்தது. என் கணவர் பொதுப்பணித் துறையில் தெரிந்த ஒருவரை அழைத்துப் போய்க் காட்டினார். பட்டா நிலத்தில் இருக்கும் கரை தங்கள் பொறுப்பில் வராது என்றார் அவர். “ஆனா மண்ணு கரைஞ்சு வருது சார். மதகைத் தொறந்து தண்ணிய எறக்கிடுங்க. கீழ வூடுங்க இருக்குது.”

மாமனார் கேட்டுக்கொண்டார். திறக்கவில்லை. மறுநாள் அமாவாசை. அமாவாசையன்று எங்கள் ஊரில் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். தறிக்கூடம் எப்படியும் சும்மாதான் இருக்கும். அதனால் அவருக்கு ஒரு யோசனை வந்தது. அமாவாசையன்று விடிந்ததும் டிராக்டர் அனுப்பி, கீழே இருந்த குடும்பங்களை எங்கள் தறிக்கூடத்துக்கே அழைத்து வந்துவிட்டார்.

தெருவே மெச்சியது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வாசலில் நின்று, “உங்க மாமனாருக்கு எவ்ளோ பெரிய மனசும்மா!” என்றார். நான் சிரித்துத் தலையாட்டினேன். தண்ணீர் எங்களுடையது, கரை எங்களுடையது என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. மாமியார் சொன்னபடி கடைக்குப் போய் பிளாஸ்டிக் டம்ளர்கள் வாங்கி வந்தேன். வீட்டு டம்ளர்கள் அலமாரியில் அடுக்கியபடியே இருந்தன. நான் காபி ஊற்றிக் கொடுத்தபோது வந்திருந்த பெண்களில் ஒருத்தி அந்த டம்ளரைத் திருப்பிப் பார்த்தாள். “புச்சா கீதே! எங்களுக்குன்னே வாங்கினியாம்மா?” என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

அன்று முழுக்க அவர்கள் தறிகளுக்கு இடையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். தறியில் இழுத்துக் கட்டியிருந்த பாவு நூலின் மேல் பழைய வேட்டிகளைப் போர்த்தியிருந்தோம். நெசவாளர் கால் வைக்கும் தறிக்குழியில் குழந்தை ஒன்று காலைத் தொங்கவிட்டதற்கு மாமியார் போட்ட சத்தம் தெருவரை கேட்டது.

மறுநாள் காலை நெசவாளர்கள் வந்துவிட்டார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. மாமனார் வாசலில் டிராக்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

“ஜல்தி கெளம்புங்க. தறி ஓடணும்.”

டம்ளரைத் திருப்பிப் பார்த்த அதே பெண்தான் பேசினாள்.

“மொதலாளி, கரையில தண்ணி எறங்கிச்சா?”

“அதெல்லாம் நான் பாத்துக்கறேன்.”

“எறங்கிச்சா இல்லியா, அத்த சொல்லுங்க.”

“இல்ல. அதுக்கின்னா இப்போ?”

“அப்ப நாங்களும் எறங்கல” என்று அவள் முதல் தறியின் பலகையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். “எங்களுக்கு இன்னிக்கும் அமாவாசதான்.”

இன்னொருத்தி அடுத்த தறிக்குப் போனாள். மற்ற இரண்டிலும் ஆள் உட்கார்ந்தாகிவிட்டது. பாவின் மேல் ஒருத்தியின் கைகூடப் படவில்லை. நெசவாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவர் வேறு பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினார்.

“இன்னா பேஜார் பண்றீங்க! முகூர்த்தச் சேலை கீது தறியில!” என்று மாமனார் கத்தினார்.

“கரைக்குக் கீழ போய்ப் படுக்கப் போறது எங்க புள்ளைங்க மொதலாளி.”

அவர் என் பக்கம் திரும்பினார். “நீயாவது சொல்லேன்மா. படிச்சவ நீ, சொன்னா கேப்பாங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மதகைத் திறந்துவிடலாம் மாமா என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். நான் சொன்னது, “மெதுவா பேசுங்க மாமா, தெருவுல கேக்குது.” தறியில் இருந்தவள் என்னை ஒரு நொடி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மதியச் சாப்பாட்டு நேரம் வருவதற்குள் மாமனார் ஆளை அனுப்பினார். மதகு திறக்கப்பட்டது, கலங்கலில் இருந்த மூட்டைகளையும் இழுத்துப் போட்டார்கள். கூலிக்காரர்களிலேயே ஒருத்தன் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தண்ணீர் இறங்குகிறது என்று சொன்ன பிறகுதான் பெண்கள் தறியை விட்டு எழுந்தார்கள். புறப்படும்போது அந்தப் பெண் தன் துணிப்பையை என் முன்னால் விரித்துப் பிடித்தாள்.

“பாத்துக்கோம்மா. அப்புறம் நூலு காணோம், ஜரிகை காணோம்னு சொல்லக் கூடாது.”

“ஐயோ, அதெல்லாம் வேணாம்” என்றேன். ஆனால் என் பார்வை பைக்குள் போய்விட்டிருந்தது. இரண்டு புடவைகளும் ஒரு பால்புட்டியும் இருந்தன. அவள் பையை மூடிக்கொண்டு டிராக்டரில் ஏறினாள்.

கரை உடையவில்லை. கோடையில் என் கணவர் கரையின் அடியைத் தோண்டி, மணலும் ஜல்லியும் போட்டு, ஊறலைச் சரிசெய்தார். கலங்கலை மறுபடி யாரும் அடைக்கவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகும், மாமனார் இருந்தவரைக்கும், கார்த்திகையில் நாலு நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்தால் சாப்பிடும்போதே என் கணவரிடம் சொல்வார்: “மதகைத் தொறக்கச் சொல்லிடுப்பா. இல்லன்னா தறியில வந்து குந்திக்குவாளுங்க.”

இலையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். கீழே வீடுகள் இருப்பதால் திறக்க வேண்டும் என்று அந்த வீட்டில் ஒருவரும், ஒரு மழைக்கும் சொன்னதில்லை. நான் மோர் ஊற்றிக்கொண்டு அடுத்த இலைக்குப் போவேன்.