மூலைவாட்டில் ஒருமுறை

பன்மாறி நுண்கணித வகுப்பின் முதல் நாளே நான் ஒரு தவறு செய்தேன். வாசலில் தயங்கி நின்றவளைப் பார்த்து, "சித்தி, இங்க இடம் இருக்கு" என்று சத்தமாகக் கூப்பிட்டுவிட்டேன். அறுபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து அவள் வகுப்புக்கே சித்தி ஆகிவிட்டாள். அவளைவிட நாலு வயது மூத்த வங்கி ஊழியர் ஒருவர் எங்களோடு மாலை வகுப்பில் படித்தார். அவர்கூட, "சித்தி, போன வார நோட்ஸ் கிடைக்குமா?" என்றுதான் கேட்பார்.

"இவ்ளோ பெரிய பிள்ளைய நான் எப்படா பெத்தேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே நோட்டை நீட்டுவாள்.

சித்தி என் அம்மாவின் கடைசித் தங்கை, எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அப்போது எனக்கு இருபது வயது, அவளுக்கு இருபத்தெட்டு. தரைக்கு டைல்ஸ் போடுவது அவள் தொழில். பதினாறு வயதில் கலவை சுமக்கப் போனவள், பத்து வருடத்தில் தனியாகக் குளியலறை வேலைகளை எடுத்துச் செய்யும் அளவுக்கு வந்திருந்தாள். நடுவில் விட்ட பள்ளிப் படிப்பைத் தனித்தேர்வு எழுதி முடித்தாள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். முதலில் மிதித்தவள் அவள்.

ஏன் கணக்கைத் தேர்ந்தெடுத்தாய் என்று ஒருமுறை கேட்டேன். ஏதோ ஒரு கட்டடத்தில் வளைந்த கூரைக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை வந்ததாம். பொறியாளர் ஒரு தாளில் என்னவோ எழுதி, இத்தனை டைல்ஸ் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாராம். சொன்னபடியே பொருந்தியதாம். "அந்தத் தாள்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சு. வேற ஒண்ணுமில்ல" என்றாள். நான் இந்தத் துறைக்கு வந்ததற்கு இப்படியொரு காரணம் கிடையாது. நல்ல மதிப்பெண் வந்தது, வந்துவிட்டேன்.

வேலை முடித்து நேராக வகுப்புக்கு வருவாள். நக இடுக்கில் வெள்ளை சிமென்ட் இருக்கும். முழங்காலை மடக்கி உட்கார முடியாததால் கடைசி வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்வாள். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பாள். எங்கள் துறையின் கழிப்பறையில் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும். "ஓட்டை அந்தப் பக்கம், வாட்டம் இந்தப் பக்கம். படிச்சவங்க நின்னு பார்த்துக் கட்டின இடம்" என்பாள். தண்ணீர் ஓட்டையை நோக்கி ஓடுவதற்குத் தரைக்குக் கொடுக்கும் மெல்லிய சரிவைத்தான் வாட்டம் என்கிறார்கள். டைல்ஸ் வேலையில் அழகு, வரிசை எல்லாம் அப்புறம்தான். வாட்டம் தப்பினால் வேலையே தப்பு.

அந்தப் பாடத்தை அவள் படிப்பது அது மூன்றாவது தடவை. எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரே பாடத்தில் மூன்று முறை தவறினால் பட்டப்படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள். மற்ற எல்லாப் பாடங்களையும் தேறிவிட்டாள். இதில் மட்டும் இரண்டு முறை தவறிவிட்டாள். அதனால்தான் எட்டு வயது சிறியவளான நான் அவளை எட்டிப் பிடித்து, ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்தேன்.

இடைத்தேர்வு முப்பது மதிப்பெண்ணுக்கு. எனக்கு இருபத்தெட்டு வந்தது, சித்திக்கு ஒன்பது. தேறுவதற்கு ஐம்பது வேண்டும். இறுதித் தேர்வின் எழுபதில் அவள் நாற்பத்தொன்று வாங்கியே ஆகவேண்டும்.

ஒன்பதைவிட அவளை அதிகம் உறுத்தியது ஒரு கேள்விதான். x² + y² + 4xy என்ற சார்பு, மையப் புள்ளியில் எப்படி இருக்கிறது? பள்ளமா, மேடா, இரண்டும் இல்லாத சேணப்புள்ளியா? குதிரை முதுகில் போடும் சேணம்போல ஒரு பக்கம் ஏறி, இன்னொரு பக்கம் இறங்கும் இடத்துக்கு அப்படிப் பெயர். சித்தி பள்ளம் என்று எழுதியிருந்தாள். பூஜ்யம் போட்டிருந்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் விடைத்தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டாள்.

"x பக்கமா நடந்தா ஏறுது. y பக்கமா நடந்தாலும் ஏறுது. நடுவுல நிக்கிறவளுக்கு முன்னாலயும் மேடு, பின்னாலயும் மேடு, ரெண்டு கைப்பக்கமும் மேடு. அப்ப நான் நிக்கிறது பள்ளம்தானே?"

"இல்ல சித்தி. சூத்திரத்துல போட்டா மைனஸ் பன்னெண்டு வருது. மைனஸ் வந்தா சேணப்புள்ளி."

"ஏன்?"

"சூத்திரம் அப்படித்தான் சொல்லுது."

"சூத்திரம் என்ன உன் மாமியாரா? சொன்னதும் சரிங்கன்னு தலையாட்டறதுக்கு?"

முன் இருக்கைக்காரர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் ஏன் என்று எனக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. இருபத்தெட்டு வாங்கியவள் எப்படிச் சொல்வது?

அடுத்த வகுப்பில் சித்தி பேராசிரியரிடமே கேட்டாள். அவர் பலகையில் அழகான சேணம் ஒன்று வரைந்து காட்டினார். "மேடம், இது புரியுது. இதுல y பக்கமாப் போனா இறங்குது. என் கணக்குல ரெண்டு பக்கமும் ஏறுதே, அது எங்க இறங்குது?" என்றாள். நல்ல கேள்வி, நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பாடமான இரட்டைத் தொகையீட்டுக்குப் போனார். பாடத்திட்டம் அவரைத் துரத்திக்கொண்டிருந்தது. சித்தி மறுபடி கேட்கவில்லை.

இடைவிடுமுறையில் ஒரு பல் டாக்டர் வீட்டு மாடிக் குளியலறை வேலை வந்தது. சித்திக்கு உதவிக்கு வரும் சித்தாள் அக்காவுக்குக் காய்ச்சல். "சும்மாதானே இருக்கே, வா" என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

அன்று அவள் முழங்கால் வீங்கியிருந்தது. கூடத்தில் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து டைல்ஸை அளந்து வெட்டினாள். தரையில் புள்ளி வைக்கும் வேலையை என்னிடம் கொடுத்தாள். கலவையை அங்கங்கே சிறு உருண்டையாக வைத்து, அதன்மேல் ஒரு டைல்ஸ் துண்டைப் பதித்து, நடுவில் இருக்கும் ஓட்டையைவிட எவ்வளவு உயரம் வேண்டுமோ அந்த உயரத்துக்குத் தட்டி நிறுத்த வேண்டும். பிறகு அந்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் மொத்தக் கலவையையும் இழுத்துப் பரப்புவார்கள்.

சித்தி எப்போதும் நாலு சுவரின் நடுவிலும் நாலு மூலையிலுமாக எட்டுப் புள்ளி வைப்பாள். நான் பார்த்திருக்கிறேன். அன்று, நாலு சுவரின் நடுவிலும் ஒவ்வொன்று போதும் என்று எனக்குத் தோன்றியது. நீளவாக்கில் ஒரு கோடு, அகலவாக்கில் ஒரு கோடு. ஒரு பரப்பைத் தெரிந்துகொள்ள அதற்குமேல் என்ன வேண்டும்? வகுப்பிலும் x, y என்று இரண்டு திசையில்தானே வகையிடுகிறோம்? மூலைகளைக் கண்ணளவில் விட்டுவிட்டேன். ரசமட்டத்தை இரண்டு கோட்டிலும் வைத்துப் பார்த்தேன். அதன் கண்ணாடிக் குழாயில் குமிழி நான் நினைத்த பக்கமே நகர்ந்தது.

"நாலு பக்கமும் சரி சித்தி" என்று குரல் கொடுத்தேன்.

நொண்டிக்கொண்டு வந்து, அவளும் அதே இரண்டு கோட்டில் மட்டம் வைத்துப் பார்த்தாள். ஒரு நிமிடம் நின்றாள். "சரி, இழு" என்றாள்.

இறுதித் தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போது டாக்டரம்மா போன் செய்தார். துணி துவைக்கும் மெஷினுக்கு அடியில் தண்ணீர் நிற்கிறது, கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் தெரிகிறது என்றார். அந்த முற்பகலே இரண்டு பேரும் போனோம்.

சித்தி மெஷினை நகர்த்தச் சொல்லிவிட்டு, ஒரு வாளித் தண்ணீரை மெதுவாகத் தரையில் விட்டாள். சுவர்களின் நடுவிலிருந்து வந்த தண்ணீர் சமத்தாக ஓட்டைக்குள் இறங்கியது. மற்றது மூலைக்குப் போய்த் தேங்கியது. ரசமட்டத்தை நீளவாக்கில் வைத்தாள். சரி. அகலவாக்கில் வைத்தாள். அதுவும் சரி. ஒரு காலை நீட்டி உட்கார்ந்து தரையையே பார்த்தாள். பிறகு மட்டத்தை எடுக்காமல், கடிகார முள்ளைத் திருப்புவதுபோல மெல்லத் திருப்பி, ஓட்டைக்கும் மூலைக்கும் நடுவில் மூலைவாட்டில் நிறுத்தினாள்.

குமிழி மறுபக்கம் போய் ஒட்டிக்கொண்டது.

"அடியே" என்றாள். குரலில் கோபமே இல்லை. "இது நம்ம கணக்குடி."

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, ஈரம் படாத டைல்ஸில் எழுதினாள். y இருக்கும் இடத்தில் மைனஸ் x. இரண்டு வர்க்கமும் சேர்ந்து 2x². 4xy, மைனஸ் நாலு x² ஆகிறது. மிச்சம், மைனஸ் 2x².

"பாரு, இறங்குது. x பக்கம் நடந்தாலும் தெரியாது, y பக்கம் நடந்தாலும் தெரியாது. குறுக்கால போனாத்தான் தெரியும். இந்த 4xy-தான் மூலையைப் பிடிச்சு கீழ இழுக்குது."

சூத்திரத்தில் போட்டு முழு மதிப்பெண் வாங்கிய அதே கணக்கைத்தான் என் கையாலேயே தரையில் தப்பாகப் போட்டிருக்கிறேன்.

டாக்டரம்மா வாசலில் வந்து நின்றார். "யார் பண்ண தப்பு இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி எழுந்துகொண்டாள். "என் வேலைதாங்க. பேத்து எடுத்துட்டுப் புதுசாப் போட்டுத் தரேன். ரெண்டு நாள் ஆகும்."

மாடிப்படியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "சித்தி, பரீட்சை முடியட்டும்னு கேளு. நல்லவங்க, ஒத்துக்குவாங்க."

"அவங்க ஒத்துக்குவாங்க. தண்ணி ஒத்துக்குமா? கீழ் வீட்டுக்காரங்க தலையில சொட்டும்."

"நான் செய்யறேன். நீ வீட்ல உக்காந்து படி."

"நீ செஞ்சதுதான் பார்த்தோமே" என்று சிரித்தாள். என் முகம் போன போக்கைப் பார்த்து, "சரி, நீயும் வா. புத்தகத்தக் கொண்டுவா" என்றாள்.

படிக்க இருந்த நாலு நாளில் இரண்டு நாள் அந்தக் குளியலறையில் போனது. அவள் உளியால் டைல்ஸைப் பெயர்ப்பாள். நான் துண்டுகளைச் சாக்கில் அள்ளிவிட்டு, பழைய கேள்வித்தாளிலிருந்து ஒரு கேள்வி வாசிப்பேன். சுத்தியல் நின்றால் யோசிக்கிறாள் என்று அர்த்தம். மறுபடி தட்டத் தொடங்கினால் விடை வந்துவிட்டது, அல்லது "அடுத்தது". பல கேள்விகளுக்கு "அடுத்தது"தான்.

இரண்டாம் நாள் தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன். "நான் நாலு புள்ளிதான் வச்சேன் சித்தி. எட்டு வைக்கல."

"தெரியும்."

"தெரியுமா?"

"அன்னைக்கே பார்த்தேன். எட்டு இல்லையேன்னு நினைச்சேன். முழங்கால் வேற வலி. அதோட, இருபத்தெட்டு மார்க் வாங்கின பொண்ணு வச்சிருக்கு, ஏதாவது கணக்கு இருக்கும்னு விட்டுட்டேன்." உளியில் ஒட்டிய கலவையைச் சுரண்டினாள். "சூத்திரம் மாமியாரான்னு உன்னக் கேட்டவ நான். நீ சொன்னதும் நானே தலையாட்டிட்டேன் பாரு."

அவள் நம்பியது என்னைக்கூட அல்ல, என் மதிப்பெண்ணை. வாளியைக் கழுவும் சாக்கில் நான் வெளியே போய்விட்டேன்.

எட்டுப் புள்ளியும் வைத்துத் தரையை முடித்தோம். வாளித் தண்ணீர் எங்கே விட்டாலும் ஓட்டைக்கே வந்தது. டாக்டரம்மா தன் பங்குக்கு இரண்டு வாளி ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் எங்களை அனுப்பினார்.

தேர்வில் நாலாவது கேள்வி x² + y² − 3xy. நான் வழக்கம்போல சூத்திரத்தில் போட்டேன். மைனஸ் ஐந்து, சேணப்புள்ளி. அடுத்த கேள்விக்குப் போன கை திரும்பி வந்தது. y இருக்கும் இடத்தில் x போட்டேன். மைனஸ் x² வந்தது. அந்த வரிக்குத் தனி மதிப்பெண் கிடையாது. ஆனாலும் எழுதினேன். மூன்று வரிசை தள்ளி, காலை நீட்டி உட்கார்ந்திருந்த சித்தி, தன் மேசையில் இரண்டு பென்சில்களைக் கூட்டல் குறிபோல வைத்து, மூன்றாவதைக் குறுக்கே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்காணிப்பாளர் அதைச் சந்தேகத்தோடு இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

வெளியே வந்ததும், "நாலாவது சரி. கடைசி ரெண்டு தொடவே இல்ல. மிச்சம் மேடம் கையில" என்றாள். அதற்குப் பிறகு தேர்வைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் முடிவு வரும்வரை மூன்று வாரமும் அம்மா அவளை ஒரு வேலையும் ஏவவில்லை. அவளும் அதைக் கவனிக்காததுபோல இருந்தாள்.

முடிவு வந்த அன்று வேறொரு வீட்டுக் குளியலறையில் இருந்தோம். சித்தியின் இரண்டு கையிலும் கலவை. என் போனில்தான் பார்த்தோம். அவள் தேர்வு எண்ணைப் போட்டேன்.

"சொல்லித் தொலைடி."

"நாப்பத்தி மூணு."

கையில் இருந்த கலவைக் கரண்டியைக் கீழே வைத்தாள். சுவரில் சாய்ந்து, வீங்காத காலை மடக்கி, வீங்கிய காலை நீட்டிக்கொண்டாள். புறங்கையால் மூக்கைத் துடைத்ததில் கன்னத்தில் சிமென்ட் ஒட்டியது.

"நாப்பத்தொண்ணு போக ரெண்டு மிச்சம்" என்றாள்.

"ஆமா."

"உங்கம்மாவுக்குப் போன் போடு. இல்ல, இரு. நானே சாயங்காலம் நேர்ல சொல்றேன்." பிறகு, "உனக்கு எவ்ளோ?" என்றாள்.

"அறுபத்தாறு."

"அதுல உனக்கு நிஜமாத் தெரிஞ்சது எவ்ளோ?"

குத்தலாகக் கேட்கவில்லை. கலவை எவ்வளவு மிச்சம் என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். நான் ஒவ்வொரு கேள்வியாக நினைத்துப் பார்த்தேன். நாலாவதை விரல் விட்டு எண்ணினேன். இரண்டாவதும், ஏழாவதில் பாதியும் சேர்த்தேன். மற்றவை எல்லாம் பஸ்ஸில் சொன்ன பதில்தான்: சூத்திரம் அப்படித்தான் சொல்லுது.

"ஒரு பதினஞ்சு இருக்கும் சித்தி."

"பரவால்லடி. மிச்சத்த லீவுல உக்காந்து பார்ப்போம். எனக்கும் அந்த கடைசி ரெண்டு கேள்வி வேணும்." எழுந்து கரண்டியை எடுத்தாள். "இப்ப அந்த மூலையில புள்ளி வை. வச்சிட்டுக் கூப்பிடு, நான் வந்து பார்க்கறேன்."

நான் கலவையை உருட்டி மூலையில் வைத்தேன்.