வேலூர்க்காரர்கள் இரண்டு பேர்

எங்கள் ஊரில் மதுக்கடை எல்லாவற்றுக்கும் ஒயின் ஷாப் என்றுதான் பெயர். ஆனால் அங்கே போய் ஒயின் கேட்டால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். வேங்கிக்கால் பக்கம் ஒரு கடையில் முதல் தடவை நான் கேட்டபோது, கம்பிக்குப் பின்னால் இருந்தவர், "ஏங்க, வீட்ல கொழந்த பொறந்திருக்கா?" என்றார். பிள்ளை பெற்றவள் உடம்பு தேறத்தான் எங்கள் பக்கம் ஒயின் வாங்குவார்கள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அப்போதே நாற்பத்தாறு வயது. ஆமாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். அதிலிருந்து நான் போகும்போதெல்லாம் என் மனைவிக்குப் பிள்ளை பிறந்துகொண்டே இருந்தது.

கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலைக்குக் கொஞ்சம் முன்னால், ஜூஸ் கடை வைத்திருக்கிறேன். படிப்பு ஐந்தாவதோடு சரி. வழக்கமாகத் திராட்சை ஜூஸ் குடிக்க வரும் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி, வாடகை வீட்டைக் காலி செய்தபோது மிக்ஸி, கொசுவலை, பாதி பாட்டில் ஒயின் மூன்றையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். மிக்ஸி ஒரு மாதத்தில் கெட்டுப்போனது. ஒயின் என்னைப் பிடித்துக்கொண்டது. பழத்தை வாயில் போட்டுப் பார்த்து வாங்குவது என் தொழில். அந்த ஒயினில் தோல் தனியாக, கொட்டை தனியாக, காம்பு தனியாக என் நாக்குக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு டம்ளர், அவ்வளவுதான் என் கணக்கு. போதை எனக்கு வேண்டாம். இதைப் பற்றிப் பேச ஒரு ஆள்தான் வேண்டும். என் மனைவி முகர்ந்து பார்த்துவிட்டு, "இருமல் மருந்து வாசன அடிக்குது" என்று நகர்ந்துவிடுவாள்.

ஆறு வருடம் இப்படியே போனது. ஜூஸ் குடிக்க வந்த ஒரு பெங்களூர்ப் பையன்தான் அந்தத் தோட்டத்தைப் பற்றிச் சொன்னான். பெங்களூர் தாண்டி ஒரு கிராமத்தில் திராட்சைத் தோட்டம் வைத்து ஒயின் செய்கிறார்களாம். மேஜையில் உட்காரவைத்து ஒவ்வொன்றாக ஊற்றிக் கொடுப்பார்களாம். ஒயின் பிடித்தவர்கள் நாலு பேர் வந்து பேசிக்கொண்டே குடிப்பார்களாம். பேசிக்கொண்டே என்றதும் நான் முடிவு செய்துவிட்டேன்.

"கடைக்கு வர்றவங்ககிட்ட நாலு வார்த்த பேசமாட்டீங்க. பெங்களூர் போய் பேசப் போறீங்களா?" என்றாள் மனைவி. அடுத்த ஞாயிறு கடையைப் பூட்டிவிட்டு நான் பஸ் ஏறினேன்.

தோட்டத்தில் ஒரு நீள மேஜை. ஆளுக்கு ஐந்து கண்ணாடிக் கோப்பை. ஊற்றிக் கொடுத்த பெண் ஓசூர்க்காரி, தமிழிலேயே பேசினாள். என் பக்கத்தில் பெங்களூரில் குடியேறிய ஒரு தமிழ்த் தம்பதி. அந்தக் கணவர் ஒயினை ஊற்றுவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார். "வெனிலா வருது பாருங்க. பிளாக்பெர்ரி வருது. லேசா தோல் வாசன வருது, வருதா?" செருப்புக் கடையில் நுழைந்த மாதிரி எனக்கு மூக்கை மூடிக்கொள்ளலாம் போல் இருந்தது. ஆனால் தலையை ஆட்டினேன்.

அப்போதுதான் தாமதமாக ஒருவர் வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் தெருப் பாத்திரக்கடைக்காரர். அம்மன் கோயில் திருவிழாக் கமிட்டியின் தலைவர். போன ஆடியில், "குடிச்சிட்டு எவனும் சாமி தூக்க வரக் கூடாது" என்று மைக்கில் சொன்னவர். எப்போதும் இருக்கும் விபூதிப் பட்டை அன்று நெற்றியில் இல்லை. அது இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. ஆறு வருடமாகத் தேடிய ஆள், என் வீட்டிலிருந்து ஐந்தாவது வீட்டில் இருந்திருக்கிறார். கும்பிட எழுந்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த திராட்சைக் கொத்துப் படத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

"சார் எந்த ஊர்?" என்று அந்தப் பெண் அவரைக் கேட்டாள்.

"வேலூர்" என்றார்.

"நீங்க சார்?" என்று என்னைக் கேட்டாள். திருவண்ணாமலை என்று சொல்லியிருந்தால் அவருக்கு என்ன குறைந்துபோயிருக்கும் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. ஆனால் அவர் கழுத்தில் வேர்வை ஓடுவதைப் பார்த்தேன். என் வாயிலும் வேலூர் என்றுதான் வந்தது.

தம்பதியில் அந்த அம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அட, எனக்கும் வேலூர்தாங்க, சத்துவாச்சாரி. நீங்க எங்க?"

"காட்பாடி" என்றார் பாத்திரக்கடைக்காரர்.

"பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்றேன் நான்.

"புது பஸ் ஸ்டாண்டா, பழசா?"

"நடுவுல" என்றேன்.

"ஒரே ஊரு, ஒருத்தர ஒருத்தர் தெரியாதா?"

"பாத்ததே இல்லீங்க" என்றார் அவர், படத்தைப் பார்த்தபடியே.

முதல் இரண்டு கோப்பையும் வெள்ளை ஒயின். பாத்திரக்கடைக்காரர் எங்கே போனாலும் உதட்டில் படாமல் அண்ணாந்துதான் குடிப்பார், எச்சில் பார்ப்பவர். கோப்பையையும் அப்படியே தூக்கி ஊற்றிக்கொண்டார். கொஞ்சம் சிந்தினாலும் வெள்ளை என்பதால் தெரியவில்லை. மூன்றாவது கருஞ்சிவப்பு. வாயில் வைத்ததும் எனக்கு நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கை இழுத்தது. அதற்குப் பின்னால் இன்னொன்றும் வந்தது. இதைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "வெனிலா வருதா?" என்றார் பக்கத்தில் இருந்தவர். "வருதுங்க" என்றேன். என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

அதே நேரத்தில் அந்த அம்மாள், "காட்பாடில எந்தத் தெரு?" என்று கேட்டார். பாத்திரக்கடைக்காரர் கோப்பையை உயரத் தூக்கியிருந்தார். பதில் சொல்ல அப்படியே திரும்பினார். மொத்தமும் காலரிலிருந்து பாக்கெட் வரை வெள்ளைச் சட்டையில் இறங்கியது.

என் துண்டை நீட்டினேன். "தேங்க்ஸ் சார்" என்று வாங்கிக்கொண்டார். பதினெட்டு வருடமாக என்னை என்னாப்பா என்று கூப்பிடுகிறவர். சட்டையை அலசப் போனவர் திரும்பி வந்தபோது மற்ற இரண்டு கோப்பைகளும் முடிந்து, மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மாநிலம் விட்டு மாநிலம் பாட்டில் கொண்டுவரக் கூடாது என்பதால் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் வாங்கவும் இல்லை.

கிருஷ்ணகிரியில் திருவண்ணாமலை பஸ் ஏறினால், என் துண்டைப் போர்த்திக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கிறார். பாதி பஸ் காலி. நான் மூன்று சீட் தள்ளி உட்கார்ந்தேன். எனக்குக் கோபம்தான். வேலூர்க்காரருக்கு இந்த பஸ்ஸில் என்ன வேலை என்று கேட்க வேண்டும் போல் இருந்தது.

ஊத்தங்கரை தாண்டியதும் அவரே எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முன்னால் இருந்த கம்பியைப் பார்த்துக்கொண்டு, "அந்த மூணாவது கிளாஸ் கொட்டிடுச்சு. வாசன மட்டும் நல்லா இருந்துது. எப்படிப்பா இருந்துது?" என்றார்.

"நாவப்பழம் மாதிரி நாக்க இழுத்துச்சுங்க."

"ம். அப்புறம்?"

"திராட்சப் பெட்டிக்கு அடியில காகிதம் போட்டு வருமே, அது நனஞ்சா ஒரு வாசன வரும். அது கடைசியா வந்துச்சு."

"அத நானும் மோந்தேன். என்னான்னு சொல்லத் தெரியல" என்றார். என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். நான் பேசினேன். என் மனைவி பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டாள். மூன்றாவது கோப்பையை முடித்து நான்காவதை ஆரம்பிக்கும்போது செங்கம் வந்துவிட்டது. அவர் எழுந்தார்.

"நான் இங்க எறங்கி அடுத்த பஸ்ல வரேன். ஒண்ணா எறங்கினா யாராவது பாப்பாங்க."

"பாத்தா என்னங்க? ஒரே தெருதான நாம."

"அதான்" என்று சொல்லி இறங்கினார், துண்டோடு.

அடுத்த வாரம் கமிட்டி ஆட்கள் நாலு பேரோடு கடைக்கு வந்தார். நெற்றியில் பட்டை. "என்னாப்பா, கிரேப் ஒண்ணு. சக்கர கம்மியா" என்றார். டம்ளரை வாங்கி மெதுவாகச் சுழற்றினார்.

"என்னா தலைவரே, சுத்துறீங்க?" என்றார் ஒருவர்.

"ஐஸ் கரையட்டும்னு" என்று அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். ஒரு சொட்டு சிந்தவில்லை. நான் ஜாரைக் கழுவக் குனிந்துகொண்டேன்.

அவர்கள் நடந்து பத்தடி போனதும் அவர் மட்டும் திரும்பி வந்து, துவைத்து மடித்த துண்டைக் கல்லாப் பெட்டிமேல் வைத்தார். "அந்த நாலாவது கிளாஸப் பத்தி நீ சொல்லவே இல்லியே. சீக்கிரம் சொல்லு, அவங்க திரும்பிப் பாக்கறதுக்குள்ள."

"நீங்க செங்கத்துலயே எறங்கிட்டீங்க" என்றேன்.