மூன்று கிலோ குழம்புப் பொடி

"எல்லாம் சரியா இருக்கும்மா. கசகசா மட்டும் பெட்டியில வச்சிராதீங்க" என்றான் அறிவுச்செல்வன், டிக்கெட் தாளை மடித்து உறைக்குள் போட்டுக்கொண்டே.

புதுக்கோட்டையில் அவன் நடத்தும் டிராவல்ஸ் கடைக்கு இன்னாசியம்மாள் வருவது அது ஐந்தாவது தடவை. பாஸ்போர்ட்டுக்கு, விசாவுக்கு, போட்டோவில் காது தெரியவில்லை என்று இன்னொரு போட்டோவுக்கு. ஒவ்வொரு தடவையும் எழுந்து கிளம்பும்போது அவன் ஏதாவது ஒன்றைச் சொல்வான். அது வீடு வரைக்கும் கூடவே வரும்.

"சமையல் கசகசாவா தம்பி?"

"அதேதாம்மா. ஷார்ஜாவுல அது போதைச் சாமான் கணக்கு. பொடியில கலந்திருந்தாலும் கேஸுதான். தெரியாமக் கொண்டாந்துட்டேன்னு சொன்னா கேக்க மாட்டாங்க."

அவன் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டான். ஆலங்குடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் இன்னாசியம்மாளுக்குப் பெட்டியின் ஞாபகம் வந்தது. வீட்டில் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. அதற்குள் மூன்று கிலோ குழம்புப் பொடி இருந்தது. அதில் கசகசா போட்டோமா, இல்லையா?

போட்டிருந்தாலும் போட்டிருப்பாள். சாதாரணக் குழம்புப் பொடிக்கு அவள் கசகசா சேர்ப்பதில்லை. கறிக்குழம்புக்கென்று அரைத்தால் ஒரு கை அள்ளிப் போடுவாள். இது ஷார்ஜாவில் இருக்கிற மகள் ஷீபாவுக்கென்று வறுத்த பொடி. ஷீபாவுக்குக் கறிக்குழம்பு பிடிக்கும். வறுக்கும்போது மனசு எதை நினைத்ததோ, கை எதை எடுத்ததோ. திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவு மையத்தில் இருபத்திரண்டு வருஷமாக எழுபது பிள்ளைகளுக்குச் சமைக்கிறவள் அவள். உப்பு, புளி, மிளகாய் எதையும் யோசித்துப் போட்டதில்லை. அதுதான் இப்போது வினையாகிவிட்டது.

ஷீபாவுக்கு எட்டாம் மாதம் முடியப் போகிறது. போன தடவை ஐந்தாம் மாதத்தில் கலைந்தபோது அவள் அங்கே ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்தாள். மருமகன் சந்தோஷுக்கு லீவு கிடைக்கவில்லை. இன்னாசியம்மாளிடம் பாஸ்போர்ட் இல்லை. போனில் மகள் அழுததை, சோற்றுப் பானைக்கு முன்னால் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாரமே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாள். இந்தத் தடவை அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் ஷீபா ஊருக்கு வரவும் வழியில்லை. அதிகபட்சம் வேளாங்கண்ணி வரைக்கும் போயிருக்கிற இன்னாசியம்மாள்தான் விமானம் ஏற வேண்டும். சனிக்கிழமை காலை. இன்றைக்குச் செவ்வாய்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமல் அடுப்படிக்குப் போனாள். கசகசா பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பாதி இருந்தது. முன்னே எவ்வளவு இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

பெட்டியைத் திறந்து பொடி உறை ஒன்றைப் பிரித்தாள். மோந்து பார்த்தாள். வெள்ளைத் தட்டில் கொஞ்சம் கொட்டி விரலால் பரப்பினாள். மல்லியும் மிளகாயும் சோம்பும் வாசனை அடித்தன. அரைத்த பிறகு கசகசாவுக்கு ஏது வாசனை.

ஆரோக்கியதாஸ் லோடு வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். தட்டுக்கு முன்னால் மனைவி குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "என்ன, பொடி எண்ணிக்கிட்டு இருக்கியா?" என்றார்.

சொன்னாள். அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

"நல்லதாப் போச்சு. அங்கிட்டுப் போலீசு பிடிச்சா எம்பேரச் சொல்லிராத. புருசன் செத்துட்டாருன்னு சொல்லிரு."

"ஏங்க, நான் பயந்து செத்துக்கிட்டு இருக்கேன், ஒங்களுக்கு வெளையாட்டா இருக்கு."

"பின்ன என்ன? போட்டியா இல்லையான்னு ஒனக்கே தெரியல. எனக்கா தெரியும்?" துண்டை எடுத்துத் தோளில் போட்டபடி அவரே சொன்னார். "மில்லுல போயி இருளாண்டியக் கேளு. சாமானக் கொட்டுறப்ப அவன் பாத்திருப்பான்."

மறுநாள் காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு மில்லுக்குப் போனாள். மிளகாய் மெஷின் ஓடவில்லை. இருளாண்டி வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, போன வெள்ளிக்கெழம நான் அரைச்சேன்ல, அதுல கசகசா இருந்துச்சா?"

"ஏன் தங்கச்சி, காணாமப் போயிருச்சா?"

"அட, சொல்லுங்கண்ணே."

இருளாண்டி டம்ளரைக் கீழே வைத்தார். "இல்ல. நாந்தான கொட்டுனேன். கசகசா இருந்தா மெஷின் வாயில ஒட்டிக்கிட்டு எறங்காது, குச்சி வச்சுக் குத்தணும். ஒன்னோடது சரசரன்னு எறங்குச்சு."

இன்னாசியம்மாள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். "மாதாவே" என்று மட்டும் சொன்னாள். இருளாண்டிக்குப் பேச்சு நிற்கவில்லை.

"குத்துனதெல்லாம் அழகு மாஸ்டரோட மசாலாவுக்குத்தான். கல்யாண ஆர்டருன்னு எட்டுக் கிலோ. கசகசா மட்டுமே முக்கா கிலோ இருக்கும். ஒனக்கு முன்னாடி."

அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமை அவள் மில்லுக்கு வந்தபோது மெஷினில் யாரோ சீயக்காய் அரைத்துக்கொண்டிருந்தார்கள். மெஷினில் தங்கியிருக்கிற மிச்சம் அடுத்த ஆளின் பொடியில்தான் விழும். அதனால் யாருக்குப் பின்னால் அரைக்கிறோம் என்று எல்லோரும் பார்ப்பார்கள். சீயக்காய்க்குப் பின்னால் குழம்புப் பொடி அரைத்தால் கசக்கும். அடுத்த முறை அவளுடையது. மூன்று பையோடு வந்து நின்ற சமையல் மாஸ்டர் அழகுவைப் பார்த்து, "ஒங்களுக்கு அவசரம் போல, முன்னாடி போங்க மாஸ்டர். எனக்கு ஒண்ணும் வேலயில்ல" என்று விட்டுக்கொடுத்தாள். கசப்பு அவர் மசாலாவோடு போகட்டும், நமக்கு மசாலாவுக்குப் பின்னால் மசாலாவாக விழும் என்று கணக்குப் போட்டாள். "நல்ல மனசும்மா ஒங்களுக்கு" என்று அவர் கும்பிடு வேறு போட்டார். அந்தக் கும்பிடு இப்போது முகத்தில் அறைந்தது.

"எவ்வளவு கலந்திருக்கும்ணே?"

"ஒரு கைப்பிடி பொடி தங்கும். அதுல கசகசா ஒரு சிட்டிகை. இதுக்கா இந்த மழையில வந்த? போ தங்கச்சி, ஒன்னைய யாரு பிடிக்கப் போறா."

யார் பிடிப்பார்கள் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. தெரியாத ஊர், தெரியாத பாஷை. பெட்டியைத் திறந்து ஒரு ஆள் பொடியைக் கையில் எடுப்பதும், சந்தோஷ் வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காத்து நிற்பதும், வீட்டில் ஷீபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனைப் பார்ப்பதும் வழி நெடுகக் கண்ணுக்குள் வந்தன. ஒரு சிட்டிகைக்காக மறுபடியும் பிள்ளை தனியாகக் கிடக்க வேண்டுமா?

வீட்டுக்கு வந்ததும் பொடியை எடுத்து வெளியே வைத்தாள்.

சாயங்காலம் ஷீபா போனில் கூப்பிட்டபோது சொன்னாள்.

"ஏத்தா, இருக்கியா?"

"இருக்கேன். நாலு மாசமா அந்தக் கொழம்பத்தான்ம்மா நெனச்சுக்கிட்டு இருக்கேன். வேற எதத் தின்னாலும் கொமட்டுது. இங்க எத்தன பேரு பொடி கொண்டாறாங்க தெரியுமா? ஒனக்கு மட்டும்தான் இப்படியெல்லாம் தோணும்."

"எத்தன பேரு வேணாலும் கொண்டாரட்டும். நான் கொண்டார மாட்டேன்."

"அப்ப வெறுங்கையோட வாரியா?"

இன்னாசியம்மாளுக்குச் சுருக்கென்றது. மகளைத் திட்ட வாய் வந்தது, அடக்கிக்கொண்டாள். அவளும் இரண்டு நாளாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். இங்கிலீஷ் தெரியாது, அரபி தெரியாது, ரோட்டைத் தாண்டத் தெரியுமா என்பதே சந்தேகம். தெரிந்தது அடுப்பு ஒன்றுதான். அதற்கும் கைமுதல் இல்லாமல் போய் நின்றால் அந்த வீட்டில் அவள் யார்?

"அங்க மிக்ஸி இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு. சின்னது."

"சின்னது போதும். நாளைக்குக் கூப்புடு."

அன்றைக்கே கடைக்குப் போய்ப் புது மல்லி, மிளகாய், சீரகம், சோம்பு, மஞ்சள் கிழங்கு வாங்கி வந்தாள். கடைக்காரர் கசகசா அளந்த கையோடு மல்லியை அள்ளப்போனபோது, "கையத் தொடச்சுட்டு அள்ளுங்க" என்றாள். அவர் ஒரு மாதிரி பார்த்தார்.

பெட்டிக்குள் அந்தப் பொடி நாலு நாள் இருந்திருக்கிறது. உறை எங்காவது கசிந்திருந்தால்? துணிகளை எல்லாம் வெளியே எடுத்தாள். பிறக்கப்போகிற பிள்ளைக்கென்று பழைய வேட்டியைக் கிழித்து ஓரம் தைத்த துணிகள் பன்னிரண்டும் அதற்குள்தான் இருந்தன. எல்லாவற்றையும் சோப்புப் போட்டு இரண்டு தடவை அலசினாள். பெட்டியைப் பிரஷ் வைத்துத் தேய்த்தாள். ஐப்பசி மழை வியாழனும் வெள்ளியும் விடவில்லை. வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி ஈரத்துணியைப் போட்டதில், ஆரோக்கியதாஸ் குனிந்து குனிந்துதான் நடந்தார்.

"பயணம் போறது நீ. ஜலதோசம் எனக்கு."

வாயால் சொன்னாரே தவிர, அயர்ன் பெட்டியை அவர்தான் எடுத்தார். ஒவ்வொரு வேட்டித் துண்டாக ஆவி பறக்கத் தேய்த்து அடுக்கினார்.

"இந்த மூணு கிலோவ என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

"நீங்க தின்னுங்க. நான் வர்றவரைக்கும் தாங்கும்."

"போதை ஏறிச்சுன்னா?"

அந்த வாரத்தில் முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றும் போனது.

சனிக்கிழமை திருச்சி விமான நிலையத்து வாசலில் ஆரோக்கியதாஸை உள்ளே விடவில்லை. அவர் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றி, கைப்பிடியை அவள் கையில் வைத்து அழுத்தினார். ஏதாவது சொன்னால் விளையாட்டாகச் சொல்ல வேண்டும், அதற்கு அவருக்கு வாய் வரவில்லை.

உள்ளே வரிசை நகர்ந்தது. கவுண்டரில் இருந்த பெண் ஷீபா வயசுதான் இருப்பாள். பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். பெட்டியை எடை போட்டாள்.

"பெட்டி நீங்களே கட்டுனதாம்மா?"

"ஆமாத்தா. நாந்தான். ரெண்டு தடவ கட்டுனேன்."

"பவுடர், மசாலா மாதிரி ஏதாச்சும் இருக்கா?"

இன்னாசியம்மாள் வலது கை விரல்களைத் தலைப்புக்குள் மறைத்தாள். எத்தனை கழுவியும் அந்த விரல்களில் மசாலா வாசனை போகாது.

"இல்ல. மல்லி, மொளகா, சீரகம், சோம்பு, மஞ்சக் கெழங்கு. எல்லாம் முழுசா இருக்கு" என்றாள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்கவும், கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள்: "இன்னும் அரைக்கலத்தா. அங்க போயித்தான் அரைக்கணும்."

பெண் தலையாட்டி, கைப்பிடியில் சீட்டைச் சுற்றி ஒட்டினாள். பெட்டி படுத்தவாக்கில் பெல்ட்டில் நகர்ந்து, ரப்பர் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. அது மறைந்த பிறகும் இன்னாசியம்மாள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் இருந்தவர் நகரச் சொல்லும் வரைக்கும், சாமான் ஒவ்வொன்றாக மறுபடியும் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்.