வடிதுணி வாசம்

மனசைப் பற்றி எங்கள் வேதக்கோயில் மூப்பர் அளவுக்கு யாராலும் பேச முடியாது. "வாய்க்குள்ள போறது மனுஷன அசுத்தமாக்காது. மனசுல இருந்து வெளிய வருதே, அதுதான் நாறும்" என்று சபையில் அவர் சொன்னால் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். சும்மா சொல்லக்கூடாது, நல்ல குரல். போடியில் அவருக்கு ஒரு ஏலக்காய்க் கிட்டங்கி இருந்தது. எழுபதுகளின் கடைசியில் அக்காவும் நானும் அங்கேதான் காய் பொறுக்கினோம். சுளகில் கொட்டிய காயில் வெடித்ததையும் வெளுத்ததையும் தனியாக எடுக்கிற வேலை. சாயங்காலம் வாசலில் நின்று முந்தானையை உதறி, கொண்டையை அவிழ்த்து, காய் எதையும் ஒளிக்கவில்லை என்று காட்டிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமையானால் எங்களைச் சகோதரி என்று கூப்பிடுகிறவரின் வாசல் அது!

அந்த மாத வீட்டு ஜெபம் அக்கா வீட்டில் நடந்தது. அக்கா புருஷனை இழந்தவள், பிள்ளைகள் சின்னது. ஜெபம் முடிந்ததும் எல்லாருக்கும் டீ கொடுத்தாள். மூப்பரின் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரை மூக்குப் பக்கம் கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"ஏலக்கா தட்டிப் போட்டியா?"

"இல்லம்மா. நம்ம வீட்டுல ஏது ஏலக்கா?"

"அதத்தான் நானும் கேக்குறேன். எங்கிட்டிருந்து வந்துச்சு?"

அவ்வளவுதான். வந்திருந்தவர்கள் எல்லாரும் டம்ளரைப் பார்த்தார்கள், பிறகு அக்காவைப் பார்த்தார்கள். மறுநாள் காலையில் கிட்டங்கி வாசலில் அக்காவை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போதகரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இந்தத் தடவ திருவிருந்துல அப்பம் வாங்க வர வேணாம்" என்று ஆள்விட்டுச் சொல்லிவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இனி அவள் பிள்ளைகளைப் போட்டுவிட்டு, விடியுமுன்னே ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலைத் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும். அவளுக்கோ வேலை போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. "திருடின்னு பேரு வாங்கிட்டு ஆண்டவர் முன்னால எப்பிடிடி நிப்பேன்?" என்று அழுதாள்.

அழுதுகொண்டே எனக்கு டீ வடிகட்டினாள். அப்போதுதான் அந்தத் துணி என் கண்ணில் பட்டது. வருஷக்கணக்காக மடியில் விரித்துக் காய் பொறுக்கிய பழைய சேலையில் கிழித்த துண்டு. எத்தனை துவைத்தாலும் அந்த வாசம் போகாது. காய் பொறுக்குகிற பெண்கள் வீட்டில் தலையணைகூட ஏலக்காய்தான் மணக்கும். கிட்டங்கி வைத்திருக்கிறவர்களுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். நினைத்துப் பார்க்கத்தான் மனசு வரவில்லை.

துணியை எடுத்துக்கொண்டு, அக்காவையும் இழுத்துக்கொண்டு மூப்பர் வீட்டு அடுப்படிக்கே போனேன். அவர்கள் வீட்டு வெந்நீரை அவர்கள் டம்ளரிலேயே வடிகட்டி, "குடிச்சுப் பாருங்கம்மா" என்று நீட்டினேன். அந்த அம்மா மோந்தார், குடித்தார். முகம் சுண்டிப்போனது. மூப்பர்தான் பேசினார்.

"சரி, விடு தாயி. நாளைக்கு அக்காளும் வேலைக்கு வந்துறட்டும், திருவிருந்துக்கும் வரட்டும். மன்னிக்கிறதுதான நம்ம மார்க்கம்?"

நல்லாயிருக்கிறதே நியாயம்! நாலு பேர் முன்னால் திருடி என்று பட்டம் கட்டுவது அவர்கள், அடுப்படிக்குள் மன்னிக்க வேண்டியது நாங்களா? தப்பாக நினைத்துவிட்டோம் என்று அந்த வீட்டில் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

அதோடு விட்டார்களா? திருவிருந்து ஞாயிறன்று அறிவிப்பு வாசித்த மூப்பர், "நம்முடைய சகோதரி ஒருவர் மனந்திரும்பி வந்திருக்கிறார். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா எழுந்துவிட்டாள். சபையில் சத்தமாக இருமக்கூட மாட்டாள் அவள்.

"நான் எடுக்கல அய்யா. எடுக்காதவ எதுக்கு மனந்திரும்பணும்?"

மூப்பர் அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கினார். சபையும் கூடப் பாடியது. பாட்டு முடிந்தது, அக்கா உட்காரவில்லை. இன்னொரு பாட்டு. அதுவும் முடிந்தது. அப்பத்தட்டோடு நின்ற போதகர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் விழித்தார்.

கடைசியில் மூப்பரின் மனைவி, குனிந்த தலை நிமிராமல், "அவ எடுக்கல. அது வடிதுணி வாசம். நாந்தான் வாய விட்டுட்டேன்" என்றார்.

பிறகுதான் அக்கா உட்கார்ந்தாள். அப்பம் வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டி வாங்கினாள். அந்த அம்மாவைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள், பாவி மகள்!

நான் கை நீட்டவில்லை. மனசு கொதிக்கும்போது அப்பம் வாங்கக் கூடாது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். மறுநாள் சாயங்காலம், அதே வாசலில், அதே ஆட்கள் முன்னால் அக்கா முந்தானையை உதறி, கொண்டையை அவிழ்த்துக் காட்டினாள். நான் கை நீட்டாதது சரிதான் என்று நினைத்துக்கொண்டே என் கொண்டையை அவிழ்த்தேன்.