பட்டன் ஸ்டார்ட்

என் அக்கா கணவருக்குத் தோள்வலி. கயிறு இழுத்துப் படகு எஞ்சினைக் கிளப்ப முடியாமல், பட்டன் ஸ்டார்ட்டர் பொருத்தினார். பத்தாம் நாள் காலை, கோட்டக்குப்பம் கரையில் படகைத் தண்ணீரில் தள்ளிய பிறகு, பட்டன் 'டிக்' என்றதோடு நின்றது. நேரமானால், கடலில் போட்டிருந்த வலையில் மீன் கெட்டுவிடும்.

"ஓடும்போதே பேட்டரி சார்ஜ் ஏறும்னு இருந்தேன், பைக்காட்டம்," என்றார் மாமா.

"இதுல சார்ஜ் ஏத்துற வசதியே இல்ல, பேட்டரிய வூட்டுக்குத் தூக்கினு போயி ஏத்தணும்னு மெக்கானிக் சொன்னாரே! நீங்க அப்ப பட்டன அமுக்கிப் பாத்துக்கினு இருந்தீங்க," என்றாள் அக்கா.

முந்தானையைச் செருகிக்கொண்டு படகில் ஏறி, கயிற்றை அவளே இழுத்தாள். இரண்டாவது இழுப்பில் எஞ்சின் உறுமியது. இறங்கப் போனவளை மாமா தடுத்தார்.

"எங்க போற? வலைகிட்ட எஞ்சின நிறுத்தணும். திரும்பி வர யாரு இழுப்பா?"

கரையிலிருந்தவர்கள் சிரிக்கச் சிரிக்க, இருவரும் கடலுக்குப் போனார்கள்.